குவிந்த மேசையைத் துப்புரவாக்குதல்: கொழும்பில் இருப்போருக்கு

மேசையை ஒழுங்குபடுத்துவதற்கும் நாள் பார்க்க வேண்டுமா என்று கேட்டால், கொழும்பில் பார்க்கத்தான் வேண்டும் என்பேன். பஞ்சாங்கத்துக்காக அல்ல, மழைக்காக. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பின்னேர மழை நேரத்தில் கடதாசிகளைத் தரையில் பரப்பினால், அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு ஓரங்களில் சுருளத் தொடங்கும். அந்த ஈரத்தோடு அவற்றைக் கோப்புக்குள் வைத்து மூடினால், சில வாரங்களின் பின் கோப்பைத் திறக்கும்போது பூஞ்சண மணம் முகத்தில் அடிக்கும். ஆகவே வெயில் எறிக்கும் ஒரு விடுமுறை நாளைத் தெரிவுசெய்யுங்கள். பௌர்ணமிதோறும் வரும் போயா விடுமுறை இதற்குப் பொருத்தமானது. அன்று அலுவலகத்திலிருந்து அழைப்பு வராது, வங்கிகள் திறவா, வீட்டிலிருப்பவர்களும் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பார்கள். இந்தக் கடைசிக் காரணம் ஏன் முக்கியம் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன். முதலில் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்திலும், பின்னர் பெரும்பாலும் வெள்ளவத்தையில் கடற்பக்கமாக உள்ள எங்கள் மாடிவீட்டிலும் வேலை செய்திருக்கிறேன். கடதாசியோடு பிழைப்பவனின் மேசை எவ்வளவு மோசமாகப் போகலாம் என்பதற்கு என் மேசையே நெடுங்காலம் சாட்சியாக இருந்தது. இங்கே எழுதுவது அந்த மேசையிலிருந்து கற்றுக்கொண்டவையே.

தொடங்குமுன்

பலரும் செய்யும் முதற்பிழை, துப்புரவாக்கத் தொடங்குவதற்கு முதல் நாள் கடைக்குப் போய்ப் பேனைத் தாங்கி, தட்டு, பெட்டி என்று வாங்கி வருவதுதான். எதை வைக்கப் போகிறோம் என்று தெரியாமல் வாங்கிய பெட்டி, மேசையில் இன்னொரு பொருளாகவே சேரும். முதல் நாளுக்கு வேண்டியவை எல்லாம் வீட்டிலேயே உள்ளன: பழைய சாரத்தைக் கிழித்தெடுத்த இரண்டு மூன்று துணித் துண்டுகள், ஓர் அங்குலப் பெயின்ற் தூரிகை ஒன்று, பலசரக்குக் கடையில் கேட்டால் தரும் மூன்று அட்டைப்பெட்டிகள், ஒரு பென்சில், தடித்த மட்டையுள்ள ஒரு சீ.ஆர். கொப்பி. தரையில் விரிக்கப் பழைய படுக்கை விரிப்பு ஒன்றும் வேண்டும்.

கணினி உள்ள மேசையென்றால், எதையும் அசைப்பதற்கு முன் பின்பக்க வயர்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் களைத்துப்போய் எந்த வயர் எந்தத் துளைக்குரியது என்று குனிந்து தேடும்போது அந்தப் படத்தின் அருமை தெரியும். பிறகு மின்விசிறியை நிறுத்துங்கள். வெக்கையாகத்தான் இருக்கும், ஆனால் பிரித்த குவியல்கள் ஒரே காற்றில் கலந்துபோவதைவிட வியர்ப்பது மேல்.

மேசையை வெறுமையாக்குதல்

மேசையில் உள்ள அனைத்தையும், லாச்சிகளில் உள்ளவற்றையும் சேர்த்து, விரிப்பின் மீது இறக்குங்கள். இறக்கும்போது எதையும் வாசிக்கக் கூடாது என்பது ஒன்றே விதி. பழைய வாழ்த்து மடலொன்றைக் கையில் எடுத்து வாசிக்கத் தொடங்கினால் காலைப்பொழுது அதோடு போய்விடும். தேத்தண்ணீர்க் கோப்பைகளும் பிஸ்கற் உறைகளும் முதலில் குசினிக்குப் போகட்டும்; எறும்பும் கரப்பானும் மேசைக்கு வருவது பெரும்பாலும் இவற்றுக்காகத்தான்.

இறக்கி முடித்ததும் ஒன்றைக் கவனிப்பீர்கள். விரிப்பில் கிடப்பவற்றில் கணிசமான பங்கு உங்கள் வேலைக்குரியது அல்ல. மாடிவீடுகளில் இடம் குறைவு என்பதால், வேலை மேசை என்பது வீட்டின் பொதுத் திண்ணையாகவே ஆகிவிடுகிறது. பிள்ளையின் ரியூஷன் குறிப்புகள், அம்மாவின் மருந்து அட்டைகள், யாருடையதென்று தெரியாத சார்ஜர், தைக்கக் கொடுக்கவேண்டிய சட்டையின் பொத்தான், திருமண அழைப்பிதழ்கள் என அனைத்தும் அங்கேதான் வந்து தங்கும். வீட்டார் வீட்டில் இருக்கும் நாளில் இதைச் செய்யச் சொன்னது இதற்காகவே. ஒவ்வொன்றையும் உரியவரின் கையில் கொடுத்து, அது இனி எங்கே இருக்கும் என்று அந்த நேரத்திலேயே கேட்டு முடிவுசெய்யுங்கள். நீங்களாகவே எடுத்து வேறெங்கோ வைத்தால், அது ஒரு கிழமைக்குள் மேசைக்குத் திரும்பி வரும். வராவிட்டால், அதை எங்கே ஒளித்தீர்கள் என்ற கேள்வி வரும்.

அலுவலக மேசையென்றால் இந்த இடத்தில் வேறொரு எச்சரிக்கை உண்டு. உங்களுக்குமுன் அந்த நாற்காலியில் இருந்தவர் விட்டுச்சென்ற கோப்புகளை, எவ்வளவு பழையனவாக இருந்தாலும், பொறுப்பானவரிடம் எழுத்தில் கேட்காமல் அப்புறப்படுத்தாதீர்கள்.

எது யாருக்காகக் காத்திருக்கிறது?

கடதாசிகளைப் பிரிப்பதற்கு வழமையாகச் சொல்லப்படும் முறை, வேண்டியவை, வேண்டாதவை என்று இரண்டாக்குவது. எனக்கு அது ஒருபோதும் உதவியதில்லை. கையில் எடுத்த ஒவ்வொரு தாளும் வேண்டியதாகவே தோன்றும். பல வருடங்களின் பின் நான் கண்டுகொண்ட கேள்வி வேறு. மேசையில் கிடக்கும் எந்தக் கடதாசியும் யாரோ ஒருவருக்காகக் காத்திருக்கிறது. அது யார் என்று கேட்பதுதான் அந்தக் கேள்வி.

விடை மூன்றில் ஒன்றாக இருக்கும். சில எனக்காகக் காத்திருக்கின்றன: நான் கையொப்பமிட வேண்டும், பணம் கட்ட வேண்டும், பதில் எழுத வேண்டும். சில வேறொருவருக்காகக் காத்திருக்கின்றன: வாடிக்கையாளர் திருத்தித் தருவதாகச் சொன்ன விலைப்பட்டியல், வங்கியிலிருந்து பதில் வரவேண்டிய விண்ணப்பத்தின் பிரதி போன்றவை. மிஞ்சியவை யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அவற்றின் அலுவல் முடிந்துவிட்டது. மூன்று அட்டைப்பெட்டிகளும் இந்த மூன்று வகைக்குத்தான். ஒவ்வொரு தாளையும் ஒரே ஒரு தடவை கையிலெடுத்து, பெட்டியைத் தீர்மானித்துவிட்டு, அடுத்ததற்குப் போங்கள். இந்தக் கட்டத்தில் எதையும் செய்து முடிக்க முற்படாதீர்கள். ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் மற்றவை தரையிலேயே இரவைக் கழிக்கும்.

முதற்பெட்டியில் விழுந்த ஒவ்வொன்றின் மேல்மூலையிலும் பென்சிலால் ஒரு வினைச்சொல்லையும் ஒரு திகதியையும் எழுதுங்கள். "கட்டு, 15", "கேள், திங்கள்", "அனுப்பு" என்று இருந்தால் போதும். "முக்கியம்" என்று எழுதுவதில் பயனில்லை. அது என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

இந்தப் பெட்டியின் பெறுமதியை நான் ஒரு காசோலையால் கற்றேன். வாடிக்கையாளர் ஒருவர் என் வேலைக்குக் கூலியாகத் தந்த காசோலை, மேசைக் குவியலில் ஒரு நாட்காட்டிக்கும் ஒரு விளம்பரத் தாளுக்கும் இடையில் கிடந்தது. அதை நான் கண்டெடுத்தபோது ஏழு மாதம் கடந்திருந்தது. காசோலை அதன் திகதியிலிருந்து 6 மாதத்துக்குப் பின் செல்லாது. புதிதாக ஒன்றைக் கேட்கப் போனபோது, அவருடைய கடை மூடப்பட்டு அந்த இடத்தில் பழச்சாறு விற்றுக்கொண்டிருந்தார்கள். பிழை முழுவதும் என்னுடையது. அவர் தரவேண்டிய நேரத்தில் தந்துவிட்டார். அன்றிலிருந்து காசோலை எதுவும் என் மேசையில் ஓர் இரவுக்கு மேல் தங்குவதில்லை.

இரண்டாம் பெட்டியின் கடதாசிகளைச் சீ.ஆர். கொப்பியில் பதிவுசெய்யுங்கள். ஒரு வரியில், என்ன கடதாசி, யாரிடமிருந்து பதில் வரவேண்டும், எந்தத் திகதியில் கடைசியாகக் கேட்டீர்கள் என்று எழுதினால் போதும். எழுதியபின் அந்தத் தாள் மேசையில் கிடக்கத் தேவையில்லை, கோப்புக்குள் போகலாம். மேசையில் பாதி இடத்தைப் பிடித்திருப்பவை நாம் மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் கண்முன் வைத்திருக்கும் கடதாசிகள்தான். நினைவில் வைத்திருக்கும் வேலையைக் கொப்பி ஏற்றுக்கொண்டால் அவை கண்முன் இருக்க வேண்டிய அவசியம் இல்லாமற் போகும். இதற்குக் கணினிச் செயலிகளும் உண்டு; பயன்படுத்துவோர் பயன்படுத்தலாம். 2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் மணிக்கணக்காக இருட்டில் இருந்தபோது என் கொப்பி மெழுகுதிரி வெளிச்சத்திலும் திறந்தது என்பதற்காக நான் கொப்பியை விடவில்லை.

கொழும்புத் தமிழர் பலரது மேசைகளில் நான் கண்ட இன்னொரு வகைக் கடதாசியும் உண்டு. அது சிங்களத்தில் வந்த கடிதம். மாநகர சபையிலிருந்தோ வேறொரு திணைக்களத்திலிருந்தோ வந்திருக்கும். தலைப்பும் திகதியும் புரியும், மிகுதியை யாரிடமாவது காட்டிக் கேட்போம் என்று குவியலின் அடியில் வைப்போம். காட்ட நினைத்தவர் வரும் நாளில் கடிதம் நினைவுக்கு வராது, கடிதம் நினைவுக்கு வரும் நாளில் அவர் வரமாட்டார். இவ்வகைக் கடிதத்துக்கென்று கண்ணில் படும் நிறத்தில் ஒரு தனி உறை வையுங்கள். கடிதம் வந்த அன்றே அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, சிங்களம் வாசிக்கத் தெரிந்த நண்பருக்கு அனுப்பி, அவர் சொன்னதைக் கடிதத்தின் பின்பக்கம் தமிழில் இரண்டு வரியாக எழுதிவிடுங்கள். தமிழும் அரசகரும மொழி என்பதால், இனிவரும் கடிதங்களைத் தமிழில் அனுப்பும்படி எழுதிக் கேட்கவும் உங்களுக்கு இடமுண்டு. ஆனால் கையில் இருக்கும் கடிதத்தின் தவணைத் திகதி அதற்காகக் காத்திராது.

வைத்திருக்க வேண்டிய கடதாசிகள்

மூன்றாம் பெட்டியில் விழுந்தவை எல்லாம் குப்பை அல்ல. அலுவல் முடிந்தாலும் சான்றாக வைத்திருக்க வேண்டியவை அவற்றுள் உண்டு. இவற்றை நாட்காட்டி வருடப்படி அடுக்குவது வருமான வரி செலுத்துவோருக்கு இரட்டை வேலை தரும்; நம் நாட்டின் வரியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையானது, தனிநபர் வரிவிபரத் திரட்டைக் கொடுக்கவேண்டிய இறுதி நாள் நவம்பர் 30. ஆகவே ஒரு பொக்ஸ் பைலின் முதுகில் "2024/2025" என்று எழுதி, அந்த வரியாண்டுக்குரிய வங்கிக் கூற்று, பற்றுச்சீட்டு, வட்டிச் சான்றிதழ் அனைத்தையும் அதற்குள்ளேயே இடுங்கள். உட்பிரிவுகள் வேண்டாம். வருடத்தில் ஒருமுறை மட்டும் திறக்கும் பெட்டிக்குள் பத்துப் பிரிவுகள் வைப்பது, வைப்பவருக்குத் திருப்தி தருமேயன்றி வேறு பயன் தராது. நான் இவ்வாறு ஆறு வரியாண்டுகளின் பெட்டிகளை வைத்திருக்கிறேன். ஏழாவது வரும்போது மிகப் பழையதைக் கிழிக்கிறேன்.

சம்பளத்துக்கு வேலை செய்வோரின் ஊழியர் சேமலாப நிதிக் கூற்றுகள் இந்த வரிசையில் சேரமாட்டா. உங்கள் பங்கு 8 வீதம், தொழில்தருநர் பங்கு 12 வீதம் என்று மாதந்தோறும் சேரும் அந்தப் பணத்தைப் பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறுகிறார்கள். இடையில் சில மாதங்களுக்குரிய பணம் கட்டப்படாமல் விடப்பட்டிருந்தால், அதைக் காட்டப் பழைய கூற்றும் சம்பளச் சீட்டும் வேண்டும். பணத்தைக் கையில் பெறும் நாள் வரை இவற்றை ஒன்றையும் வீசாதீர்கள்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகியவற்றுக்கு மேசையில் இடமே இல்லை. அவை அலுமாரிக்கு உரியவை. பாதுகாப்பு என்று எண்ணி அவற்றை லமினேற் செய்துவிடாதீர்கள். பின்னொரு நாளில் யாராவது அலுவலர் அதன் பின்பக்கத்தில் முத்திரை குத்த வேண்டி வரும்போது பிளாஸ்ரிக்கின் மேல் குத்த முடியாது, பிளாஸ்ரிக்கை உரிக்கவும் முடியாது.

பல்பொருள் அங்காடிகளிலும் வங்கி இயந்திரங்களிலும் கிடைக்கும் வழுவழுப்பான பற்றுச்சீட்டுகள் வெப்பத்தால் அச்சாகுபவை. அவற்றில் மை இல்லை. தாளில் பூசிய இரசாயனம் சூட்டினால் கறுக்கிறது. ஆதலால் வெயிலிலும் வெக்கையிலும் காலப்போக்கிலும் எழுத்து மறைந்துபோகும், சிலவகைப் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்தால் இன்னும் விரைவாக மறையும். உத்தரவாதத்துக்காக வைத்திருக்கும் சீட்டு இந்த வகையென்றால், வாங்கிய அன்றே நிழற்பிரதி எடுத்து மூலத்தோடு சேர்த்து வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி பழுதான நாளில் வெற்றுத் தாளைக் கடைக்காரரிடம் நீட்டிய அனுபவம் எனக்கு உண்டு.

கடலுக்கு அண்மையில் இருப்போருக்கு மட்டும் ஒன்று. நீண்டகாலம் வைத்திருக்கும் கடதாசிகளிலிருந்து ஸ்ரேப்ளர் ஊசிகளையும் இரும்புக் கிளிப்புகளையும் கழற்றிவிடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து உப்புக்காற்றில் ஊசி துருப்பிடித்து, மூன்று நான்கு வருடத்தில் தாளில் செம்மண்ணிறக் கறையும் பின்னர் துளையும் விழும். மடித்த தாள் ஒன்றுக்குள் வைத்தாலோ பிளாஸ்ரிக் கிளிப் போட்டாலோ போதும்.

பெட்டிகளைத் தரையில் அடுக்குவதையும் தவிர்க்கவேண்டும். மாடியில் இருப்போருக்கு இது விளங்காது. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தபோது, தளபாடத்தைக் காப்பாற்றியவர்கள்கூடக் கட்டிலுக்கடியில் இருந்த கடதாசிப் பெட்டிகளை மறந்துவிட்டார்கள்.

வெளியே போகும் கடதாசிகள்

காலிமுகத்திடலில் வடை வாங்கியிருப்பீர்கள். அதைச் சுற்றித் தந்த கடதாசிப் பையைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? யாரோ ஒரு மாணவரின் விடைத்தாள், ஏதோ ஒரு அலுவலகத்தின் கணக்குப் பட்டியல், சிலவேளை ஒருவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். எடைக்கு விற்ற பழைய கடதாசி இந்த நகரத்தில் பையாகித் திரும்பி வருகிறது. அந்தச் சுழற்சி நல்லதுதான். உங்கள் வங்கிக் கணக்கிலக்கம் அதில் எண்ணெய் ஊறிக்கொண்டு போகாமலிருக்க மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர், இலக்கம், கையொப்பம் உள்ள பகுதியைக் கிழித்து எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்துவிட்டால் போதும். கிழிக்கும் இயந்திரம் வீட்டுக்குத் தேவையில்லை. பிறரது கணக்குகளைக் கையாளுவோருக்கு இது வெறும் நற்பழக்கம் மட்டுமல்ல, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டத்தின் காலத்தில் பொறுப்பும் ஆகும்.

மிகுதிக் கடதாசியை உணவுக்கழிவோடு கலக்காமல் தனியே கட்டி வையுங்கள். வெப்பத்தால் அச்சான சீட்டுகளை அந்தக் கட்டில் சேர்க்க வேண்டாம். பழைய மின்கலங்களும் பழுதான சார்ஜர்களும் கடதாசியோடும் சேரா, குசினிக் கழிவோடும் சேரா. மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும்வரை ஒரு போத்தலிலோ டப்பாவிலோ போட்டு வையுங்கள்.

ஒருபக்கம் மட்டும் அச்சான தாள்களை என்ன செய்வது என்பதில் எனக்கே பலவீனம் உண்டு. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிவைக்கப்பட்டன. அந்த நாட்களின் பின் வெற்றுப்பக்கம் உள்ள எந்தத் தாளையும் வீச எனக்குக் கை வரவில்லை. விளைவாக, ஒரு லாச்சி முழுவதும் அவற்றால் நிறைந்து திறக்க முடியாமற் போனது. இப்போது ஒரு விரற்கடைத் தடிப்புக்கு மேல் வைப்பதில்லை. அதற்கு மேற்பட்டவை அயல்வீட்டுச் சிறுவர்களுக்குப் படம் கீறப் போகின்றன.

தூசும் பூஞ்சணமும்

இனி மேசை வெறுமையாக உள்ளது. காலி வீதிக்கு அண்மையில் இருப்போரின் மேசையில் படிவது சாதாரணத் தூசு அல்ல. வாகனப் புகையின் கரி கலந்த பிசுபிசுப்பான படலம். இதன்மேல் ஈரத்துணியை முதலில் வைத்தால் தூசு களிபோலாகி மரத்தின் இரேகைகளுக்குள் புகுந்துவிடும். முதலில் உலர்துணி, பின்னர் மூலைகளுக்குத் தூரிகை, அதன்பின் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் நனைத்து நன்கு பிழிந்த துணி, கடைசியில் மீண்டும் உலர்துணி என்ற வரிசையை மாற்றாதீர்கள். மேலே தட்டு இருந்தால் அங்கிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள்.

மருந்தகங்களில் கிடைக்கும் ஸ்பிரிற்றால் மேசையைத் துடைக்கலாமா என்று கேட்பதுண்டு. போமைக்கா ஒட்டிய மேசையென்றால் பிழையில்லை. பழைய முதிரை, தேக்கு மேசைகளில் பூசிய பொலிஷ் அற்ககோலில் கரையும். என் தகப்பனாரின் முதிரை மேசையில் இன்றும் உள்ளங்கையளவு வெள்ளைத் திட்டு ஒன்று இருக்கிறது. கிருமிநாசினி எங்கும் பூசிய 2020ஆம் ஆண்டில் நான் பூசியது அது.

லாச்சிகளை முழுவதும் வெளியே இழுத்து எடுத்து, கவிழ்த்துத் தட்டி, நிழலில் காற்றாட வையுங்கள். உள்ளே வெண்மையாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் பிடித்திருந்தால் அதை வீட்டுக்குள் தட்ட வேண்டாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வெளியே தூரிகையால் நீக்கி, வினாகிரி கலந்த தண்ணீரில் துடைத்து, முற்றாக உலர்ந்தபின் மட்டும் திரும்பப் பூட்டுங்கள். பூஞ்சணம் பிடித்த கடதாசிகளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து நிழலில் உலர்த்துங்கள். நேர்வெயில் விரைவாகக் காயவைக்கும் என்பது உண்மை. பேனை மையும் அதே வேகத்தில் வெளிறும்.

புத்தகக் கட்டிலும் பசை தடவிய உறைகளிலும் ஓடும் வெள்ளி நிறப் பூச்சியைக் கண்டிருப்பீர்கள். அது தேடி வருவது மாப்பசையையும் ஈரத்தையும். நாப்தலீன் உருண்டையைப் பலரும் லாச்சிக்குள் போடுவர். முகத்துக்கு நேரே, நாள்முழுவதும் இருந்து வேலை செய்யும் இடத்தில் அந்த ஆவியை மூச்சாக இழுப்பதை நான் விரும்பவில்லை. சுவருக்கும் மேசைக்கும் இடையில் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, காற்றோட்டம் கொடுத்தாலே பெரும்பாலும் ஈரம் தங்காது. அந்த இடைவெளி கறையான் மண்புற்று மேசைக்கால் வழியாக ஏறுகிறதா என்று பார்க்கவும் உதவும்.

விசைப்பலகையைக் கணினியிலிருந்து கழற்றி, கவிழ்த்து மெல்லத் தட்டித் தூரிகையால் வருடுங்கள். விழும் மிக்சர்த் துணுக்குகளின் அளவு சிலருக்கு வெட்கத்தைத் தரும். மடிக்கணினியென்றால் நிறுத்திவிட்டு, மின்னிணைப்பையும் எடுத்தபின்னரே இதைச் செய்ய வேண்டும். திரைக்கு மென்துணியும் சிறிதளவு தண்ணீரும் போதும். தண்ணீரைத் துணியில்தான் தெளிக்க வேண்டும். திரையில் தெளித்தால் அது வழிந்து விளிம்பின் வழியாக உள்ளே போகும். கண்ணாடி துடைக்கும் அமோனியாத் திரவங்கள் திரையின் பூச்சைக் கெடுக்கக்கூடும்.

வயர்கள்

ஒவ்வொரு வயரின் இரு முனைகளிலும் பிளாஸ்ரர் துண்டு ஒன்றை ஒட்டி, அது எதற்குரியது என்று எழுதுங்கள். பெயர் சொல்ல முடியாத வயர் மேசைக்குத் தேவையில்லை. நீட்டிப்பு வயர்ப் பலகையைத் தரையில் கிடக்க விடாமல் மேசையின் கீழ்ப்பக்கத்திலோ பின்காலிலோ கட்டிவிட்டால் கூட்டித் துடைப்பது இலகு, ஈரத்துக்கும் தப்பும். நமது 230 வோல்ற் மின்சாரத்தில் 13 அம்பியர் பிளக் ஒன்று தாங்கக்கூடியது ஏறக்குறைய 3,000 வாற்று. கணினி, விளக்கு, சார்ஜர் அனைத்தும் சேர்ந்தாலும் அந்த அளவை நெருங்கா. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலையும் அதே பலகையில் செருகும்போதுதான் வயர் சூடாகத் தொடங்கும். கேத்தலுக்கு வேறு இடம் பாருங்கள். மேசையில் அது இருக்கக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

திரும்ப வைத்தல்

நாற்காலியில் இருந்துகொண்டு, முழங்கையை உடலோடு வைத்தபடி முன்கையை மட்டும் இருபக்கமும் வீசிப் பாருங்கள். கை தொடும் அந்த அரைவட்டத்துக்குள் நாள்தோறும் பலமுறை தொடுபவை மட்டுமே இருக்கலாம்: விசைப்பலகை, எழுதும் கொப்பி, ஒரு பேனை. கையை முழுதாக நீட்டினால் எட்டும் தூரத்தில் தொலைபேசி, கணிப்பான், தண்ணீர்ப் போத்தல் முதலியவை. எழுந்து போய் எடுப்பவை மேசைக்குரியனவே அல்ல. திரை ஒரு கை நீள தூரத்தில், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அமையட்டும்.

மேசையை எப்படித் திருப்பிப் போடுவது என்பதையும் இப்போதுதான் தீர்மானிக்க வேண்டும், ஏனெனில் பாரமில்லாத மேசையை ஒருவரே நகர்த்தலாம். கடற்பக்க யன்னல்கள் மேற்கு நோக்கியவை. பின்னேரம் நான்கு மணிக்குப் பின் சூரியன் நேராக உள்ளே வரும். யன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்தால் திரையில் வெளிச்சம் பட்டு எழுத்துத் தெரியாது, முகத்தைக் காட்டி இருந்தால் கண் கூசும். யன்னல் பக்கவாட்டில், வலக்கையால் எழுதுபவருக்கு இடப்புறத்தில் இருக்கும்படி போடுவதே நல்லது.

அடுத்து மின்விசிறி. கொழும்பில் விசிறி இல்லாமல் வேலை செய்ய முடியாது. விசிறி இருந்தால் தனித்தாள் ஒன்றும் ஓரிடத்தில் இராது. அதனால் தாளின் மேல் கொப்பியையும், கொப்பியின் மேல் கோப்பையையும் வைக்கிறோம். மேசைக் குவியலின் அடித்தளம் பெரும்பாலும் இப்படித்தான் போடப்படுகிறது. கிடையாக அடுக்கும் தட்டுகளை விட்டு, நிலைக்குத்தாகக் கோப்புகளை நிறுத்தும் தாங்கி ஒன்றை வாங்குங்கள். அதில் மூன்றே கோப்புகள்: எனக்காகக் காத்திருப்பவை, பிறருக்காகக் காத்திருப்பவை, யாரிடமாவது வாசித்துச் சொல்லக் கேட்க வேண்டிய சிங்களக் கடிதங்களின் உறை. அன்று கையில் உள்ள ஒரு வேலையின் தாள்களுக்கு மட்டும் கிளிப் உள்ள எழுதுபலகை ஒன்று.

இப்போது கடைக்குப் போகலாம். லாச்சியின் உள்ளளவை, உயரத்தையும் சேர்த்து, அளந்து எழுதிக்கொண்டு போங்கள். எழுதுபொருட்களுக்குப் புறக்கோட்டை மலிபன் வீதிப் பக்கம் போவது வழமை; சில்லறையாக ஓரிரண்டு வாங்குவோர் உள்ளூர்ப் புத்தகக் கடையிலேயே வாங்கிவிடலாம், பஸ் செலவும் வெயிலும் மிச்சம். பழைய அலுவலகத் தாள்கள் புல்ஸ்காப் அளவில் இருந்தால், ஏ4 கோப்புக்குள் அவற்றின் அடி வெளியே நீண்டு மடிந்துபோகும் என்பதை நினைவில் வையுங்கள். லாச்சிக்குள் பிரிப்புத் தட்டு வாங்கத் தேவையில்லை. வெறுமையான தேயிலைப் பெட்டியும் மாஜரின் டப்பாவும் அதே வேலையைச் செய்யும். எழுதாத பேனைகளை வைக்கமட்டும் எந்தப் பெட்டியும் வேண்டாம். ஒவ்வொன்றையும் தாளில் கீறிப் பாருங்கள். என்னிடமிருந்த முப்பத்தொரு பேனைகளில் ஒன்பது எழுதின.

அடுத்த போயா வரை

நாள்தோறும் வேலை முடியும்போது ஐந்து நிமிடம் போதும்: கோப்பையைக் குசினிக்கு, எழுதுபலகையில் உள்ள தாள்களை உரிய கோப்புக்கு, நாளை முதலில் செய்வதை மட்டும் மேசை நடுவில். மாதம் ஒருமுறை போயா நாளில், சீ.ஆர். கொப்பியைத் திறந்து, பதில் வராதவற்றை அடையாளமிட்டு மீண்டும் கேளுங்கள். லாச்சிகளைத் திறந்து காற்றாட விடுங்கள். சரஸ்வதி பூசைக்கு வருடமொருமுறை புத்தகங்களைத் துடைத்து அடுக்கும் வீடுகளில், வரியாண்டுப் பெட்டிகளையும் அந்த நாளிலேயே பார்த்துவிடலாம். நவம்பர் 30க்கு முன் ஒருமுறை கணக்கைப் பார்த்ததாகவும் ஆகிவிடும்.

துப்புரவாக்கிய நாளில் எங்கும் சேராமல் மிஞ்சும் பொருட்கள் சில எப்போதும் இருக்கும்: ஒரு திறப்பு, ஒரு திருகாணி, பெயரில்லாத சார்ஜர், எவருடைய தொலைபேசி இலக்கம் என்று தெரியாத ஒரு துண்டுச்சீட்டு. அவற்றை ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு, மூடி, மேலே அன்றைய திகதியை எழுதி, மேசைக்கு வெளியே வையுங்கள். அடுத்த போயா நாளில் யாரும் வந்து தேடியிராவிட்டால் திறப்பை மட்டும் எடுத்துவிட்டு மிகுதியை அப்புறப்படுத்துங்கள். திறப்பை இன்னொரு மாதம் வைத்திருக்கலாம்.